என் மகனின் முறைப்பெண்

பாண்டிச்சேரிக்கு நாங்கள் எப்போதும் மூன்று பேராகத்தான் போவோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா புருஷன். செஞ்சியில் காலை முதல் பஸ்ஸைப் பிடித்துத் திண்டிவனத்தில் இறங்கி, அடுத்த பஸ் ஏறினால் பத்து மணிக்கெல்லாம் அந்த டாக்டரம்மாவின் வாசலில் இருக்கலாம். பிள்ளை இல்லாத ஒருத்தியை டாக்டரிடம் கூட்டிப்போக எதற்கு இரண்டு ஆம்பளைகள் என்று ஒரு தடவைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. துணைக்கு வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு மக்கு நான்.

அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். நாத்தனார் புருஷன் அண்ணன் முறைதானே. அவலூர்பேட்டையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவர் நகக்கண்ணில் இருக்கும் கிரீஸ் போகாது. முதல் நாள் சாயந்திரமே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்து, பாண்டிச்சேரி வரும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். நல்ல மனுஷன் என்றுதான் சொல்ல வேண்டும். கெட்ட காரியங்களுக்கு நல்ல மனுஷர்கள்தான் சுலபமாகக் கிடைக்கிறார்கள்.

எனக்குக் கல்யாணமாகி அப்போது ஏழு வருஷம். என் வீட்டுக்காரர் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தார். ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள். நாத்தனார் அவருக்கு மூத்தவள், இரண்டு ஆண் பிள்ளைகளைப் பெற்றவள். அந்த இரண்டையும் என் முகத்துக்கு நேரே நீட்டி நீட்டிக் காட்டாத நாள் கிடையாது. இரண்டாவது பிள்ளையைத் தொட்டிலில் போட்ட அன்று என்னைப் பின்பக்கம் பாத்திரம் தேய்க்க உட்கார வைத்தாள். வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு தொட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். குழந்தையை வாரி எடுத்தாள். நான் நிற்கும்போதே, அத்தனை பேர் எதிரில், உப்பும் மிளகாயும் எடுத்து அதற்குச் சுற்றிப் போட்டாள்.

"தப்பா நெனச்சிக்காத. மலட்டுக் கண்ணு, பட்டுதுன்னா புள்ளைக்கு ஆவாது" என்றாள்.

என் வீட்டுக்காரர் அங்கேதான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு ஆறு மாதம் முன்னாலேயே அவர் தனியாகப் பாண்டிச்சேரிக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வந்திருந்தார் என்பதும், பதினெட்டு வயசில் வந்த பொன்னுக்கு வீங்கியில் அவருக்குப் பிள்ளை உண்டாக்கும் சக்தி அடியோடு போய்விட்டதென்று டாக்டரம்மா சொல்லிவிட்டார் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

டாக்டரம்மா பிரான்சில் படித்துவிட்டு வந்தவர். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழ் பேசுவார். கர்ப்பப்பைக்குள் ஊசி வழியாக மருந்து வைக்கிறோம், வலிக்காது என்று சொன்னார். நான் மேஜைமேல் படுத்து, காலை மடக்கிக்கொண்டு, அரை மணி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அதற்கு ஒரு காகிதம் இருந்தது. அதில் என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். உடம்பு என்னுடையது, கையெழுத்து அவருடையது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான்கு தடவை தங்கவில்லை. ஐந்தாவது தடவை தங்கியது.

மூன்றாம் மாதம் காட்டப் போனபோது நர்சம்மா என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்க கூட இன்னொருத்தர் வருவாரே, அவர இனிமே அலைய வேணாம்னு சொல்லிடும்மா. அவரு வேல முடிஞ்சிடுச்சி."

"அவருக்கு இன்னா வேல?" என்றேன்.

அவள் கை நின்றுவிட்டது. "உனக்குச் சொல்லலியா?" என்றாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்து, பின்னறையில் அவர் உட்கார்ந்திருப்பதையும், சின்னப் புட்டியைத் துண்டில் சுற்றிச் சூடு ஆறுவதற்குள் தானே எடுத்து வருவதையும் சொன்னாள். எனக்குத் தெரியும் என்று என் வீட்டுக்காரர் டாக்டரம்மாவிடம் சத்தியம் செய்திருந்தாராம்.

அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று உள்ளபடி சொல்கிறேன். முதலில் வாந்தி வந்தது. அண்ணா என்று கூப்பிட்ட வாயைக் கழுவிக் கழுவித் துப்பினேன். ஆனால் திண்டிவனம் வருவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாளே, அவள் புருஷன் பிள்ளை என் வயிற்றில் இருக்கிறது. அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளலாம். அந்த அற்ப சந்தோஷத்துக்காகவே நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கான கூலியை அப்புறம் வட்டியோடு வாங்கிக்கொண்டேன்.

சீனாக்காரனோடு சண்டை நடந்ததற்கு மறு வருஷம் மகன் பிறந்தான். அடுத்த வருஷம் நாத்தனாருக்குப் பெண் பிறந்தது.

அத்தை பெண் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த அன்றே அவள் என் மகனுக்கென்று ஆகிவிட்டாள். இரண்டும் தவழ்ந்தபோது "புருஷனும் பொண்டாட்டியும் பார்" என்று எல்லாரும் சிரித்தார்கள். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவேன். சின்னப் பிள்ளைகளிடம் பேசுகிற விளையாட்டு, வளர்ந்தால் மறந்துவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

மகனுக்கு மூன்று வயசு முடிந்ததும் காதுகுத்து வைத்தோம். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். இருந்தும் என் வீட்டுக்காரர் இருநூறு பேருக்குச் சாப்பாடு போட்டார். மலையிலிருந்து இறங்கிய குரங்குகள் பந்தலில் கட்டிய வாழைத்தாரைப் பாதி தின்றுவிட்டன. தளவானூரிலிருந்து வந்திருந்த என் அண்ணன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தி முடிந்தது. பிள்ளை கத்திக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் எழுந்து பந்தலின் நடுவில் நின்றாள்.

"எல்லாரும் இருக்கீங்க, கேட்டுக்கோங்க. என் பொண்ணு என் தம்பி மகனுக்குத்தான். தட்டு கையோட கொண்டாந்திருக்கேன். சாப்பாடு ஆனதும் மாத்திக்கலாம்."

எல்லாரும் நல்ல காரியம் என்றார்கள். என் வீட்டுக்காரர், "அக்கா சொன்னா சரி" என்றார். இளித்துக்கொண்டே சொன்னார். அவர் பக்கத்திலிருந்த அண்ணன், நாத்தனார் புருஷன், "பசங்க சின்னதுங்க, இப்ப இன்னாத்துக்கு" என்று முனகினார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

தட்டு மாற்றிவிட்டால் அது பாதிக் கல்யாணம். எங்கள் சனத்தில் தட்டு மாற்றிய பேச்சை உடைத்தவர்கள் அந்த வீட்டு வாசலை அப்புறம் மிதித்ததில்லை. இலை போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பந்தி சாப்பிட்டு எழும் நேரம்தான் எனக்கு இருந்தது. என் வீட்டுக்காரரை மாட்டுக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏங்க, இது பாவம். அதுங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சி."

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "ஒனக்கு எவ சொன்னா?"

"புள்ள வயித்துல இருக்கும்போதே தெரியும்."

"தெரிஞ்சிகினே வாய மூடிகினு இருந்த இல்ல? இன்னமும் மூடிகினு இரு."

"ஒலகத்துல வேற ஆளே கெடைக்கலியா உங்களுக்கு? அவரதான் கூட்டியாரணுமா?"

"யார கூட்டியார சொல்ற? டாக்டரம்மா காலேஜ்ல படிக்கிற எவனோ ஒருத்தன் இருக்கான்னாங்க. அவன் எந்த சாதியோ, எவன் கண்டான்? என் தம்பிய கூப்ட்டா நாளைக்கு என் புள்ளன்னு சொல்லிகினு நெலத்துல வந்து நிப்பான். மாமா அப்டி கேக்க மாட்டாரு. கற்பூரத்த அணைச்சி சத்தியம் வாங்கிகினேன்."

எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார் பாருங்கள். அன்னியன் என்றால் சாதி கெட்டுவிடும். தம்பி என்றால் நிலம் போய்விடும். எல்லாரையும் கழித்துவிட்டுக் கடைசியில் யாரைப் பிடித்தார் என்றால், யாருடைய பெண்ணுக்கு எங்கள் பிள்ளைமேல் முதல் உரிமையோ அந்த ஆளைப் பிடித்தார். நிலத்தைப் பற்றி மூன்று தலைமுறைக்கு யோசித்தவருக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை. டாக்டரம்மாவுக்கும் தோன்றவில்லை. பிரான்சில் அத்தை பெண்ணைக் கட்டுகிற வழக்கம் இல்லையோ என்னவோ.

"ஊசில தான போச்சி. அவரு ஒன்ன தொட்டாரா? தொடல இல்ல? அப்பறம் இன்னா அண்ணன் தங்கச்சி" என்றார். கட்டியிருந்த பசுவைக் கையால் காட்டினார். "மாட்டாஸ்பத்திரில ஊசி போட்டு சென புடிக்க வெக்கறாங்க. அந்தக் கன்னுக்கெல்லாம் அண்ணன் தங்கச்சி பாத்துகினா இருக்கறோம்?"

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்."

"ஏன் வேணாம்னு அக்கா கேப்பா. இன்னா சொல்லட்டும்? எனக்கு ஆம்பளத்தனம் இல்லன்னு பந்தல்ல நின்னு சொல்லட்டுமா?"

வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு பந்திக்கு மோர் ஊற்றப் போய்விட்டார்.

கிணற்றடியில் நாத்தனார் புருஷன் நின்றுகொண்டிருந்தார். கை கழுவ வந்தவர் மாதிரி நின்றாரே தவிர, சாப்பிட்டிருக்கவில்லை. நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். "சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேம்மா. என் வாயால எப்டி..." என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. செருப்பால் அடிக்க வேண்டும்போல இருந்தது.

உள்ளறையில் நாத்தனார் தட்டில் மஞ்சளும் பூவும் புடவையும் அடுக்கிக்கொண்டிருந்தாள். உறவுக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை அவள் மடியில் தூங்கியது. பக்கத்தில் குனிந்து, "அண்ணி, இப்ப வேணாம். காரணம் தனியா சொல்றேன், வாங்க" என்று காதோடு சொன்னேன்.

அவள் கத்தினாள். "தனியா இன்னாடி தனியா? ஒங்க அண்ணன் பொண்ணுக்கு முடிச்சி வெச்சிட்டியா? ஏழு வருஷம் மலடியா கெடந்தவ, இப்ப ஒண்ண பெத்ததும் என் பொண்ணு எளப்பமா பூட்டாளா? என் தம்பி தலையெழுத்து, ஒன்ன வெச்சிகினு இருக்கான். எவன் போட்ட பிச்சையோ, அதுக்கு இவ்ளோ திமிரா?"

அவ்வளவுதான்.

"ஒன் புருஷன் போட்ட பிச்சதான். போய்க் கேளு" என்றேன்.

நான் நிறுத்தவில்லை. பாண்டிச்சேரி, ஊசி, பின்னறை, புட்டி எல்லாவற்றையும் கொட்டினேன். கிணற்றடியிலிருந்து அண்ணன் நிலைப்படிக்கு வந்திருந்தார். நாத்தனார் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவளுக்கு அது போதும். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தட்டை அப்படியே விட்டுவிட்டு, நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

தப்பித்தோம் என்று நினைத்தேன். என் மானம் போனால் போகிறது, பிள்ளைகள் தப்பித்தன என்று அடுப்படியில் உட்கார்ந்து மூச்சு விட்டேன்.

ஊசியை ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. ஊசி போட்டால் கன்றுக்குட்டிதான் வரும் என்று தண்ணீர்க் குழாயடியில் சிரித்தார்கள். பாதிப் பேர் நான் அண்ணன் முறைக்காரனோடு படுத்தேன் என்றார்கள். மீதிப் பேர் எனக்குப் பைத்தியம் என்றார்கள். என் வீட்டுக்காரர் பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டார். அதில்தான் அவருக்குச் சேதாரம் குறைவு. பேய் ஓட்டுகிறவனைக் கூட்டிவந்தார். என் தலைமயிரைத் தூணோடு கட்டிவிட்டு அவன் வேப்பங்கொத்தால் அடித்தான். யாருடி நீ என்று கேட்டான். இந்தப் பிள்ளையின் அம்மா என்றேன். அந்தப் பதில் சரியில்லையென்று இன்னும் அடித்தான். என் மகன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அப்பால் கூட்டிப்போக அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அந்தக் காகிதம் கிடைத்தால் நம்புவார்கள் என்று என் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரி போனேன். டாக்டரம்மா என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். காப்பி கொடுத்தார்.

"அந்த மாதிரிக் காகிதம் எதையும் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. குழந்தை பிறந்ததும் எரித்துவிடுவோம். அதுதான் எல்லோருக்கும் நல்லது" என்றார்.

"எல்லாருக்கும்னா யாருக்குங்கம்மா?" என்று கேட்டேன். இதை எழுதியாவது கொடுங்கள் என்றேன். கணவரின் அனுமதி இல்லாமல் முடியாது என்றார். நர்சம்மாவைக் கேட்டேன், அவள் வேலையை விட்டுவிட்டுக் கல்யாணமாகிப் போய்விட்டாளாம்.

மூன்று மாதம் கழித்து, ஒரு மத்தியானம், நாத்தனார் வந்தாள். வந்தவள் கதவைத் தாழ்போட்டுவிட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். இளைத்துப்போயிருந்தாள்.

"நீ சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும். அந்த ஆளு எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறிவிட்டாள்.

"அழாத. கேளு. வர்ற வெள்ளிக்கெழம கோயில்ல தட்டு மாத்தப் போறோம்."

"அண்ணி!"

"இன்னா அண்ணி? ஊரு பூரா என் புருஷன் பேரு நாறுது. மச்சான் பொண்டாட்டிய வெச்சிருந்தவன் வீட்டுப் பொண்ணுன்னு என் பொண்ண எவன் கட்டுவான்? ஒன் புள்ளைக்கே குடுத்துட்டா, அப்டி ஏதாச்சும் நடந்திருந்தா இதுங்களுக்குக் கட்டி வெப்பாங்களான்னு ஊரே வாய மூடிக்கும். தம்பியும் சரின்னுட்டான். அவன் பேரும் நிக்கும்."

"தெரிஞ்சே செய்றீங்களா?"

"ஊர்ல பத்த வெச்சவ நீதாண்டி. நான் இன்னா பண்ணட்டும்?"

வெள்ளிக்கிழமை கோயிலில், செஞ்சியும் அவலூர்பேட்டையும் பார்க்கத் தட்டு மாற்றினார்கள். நான் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் பிற்பாடு எதையாவது சொல்லிக் கலைத்திருக்கலாம். நான் உண்மையைச் சொன்னதால், என்னைப் பொய்யாக்க அவர்கள் அந்தக் கல்யாணத்தை நடத்தியே ஆக வேண்டியதாகிவிட்டது. அடுத்த மாதம் என்னைத் தளவானூரில் என் அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பைத்தியத்திடம் பிள்ளையை விட முடியாது என்று பஞ்சாயத்து சொன்னது. அவன் உடம்பில் ஒரு சொட்டு ரத்தம்கூடத் தன்னுடையதில்லாதவர் அவனை வைத்துக்கொண்டார். பெற்றவள் நான் பஸ் ஏறினேன்.

அவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிறகு, வாரம் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பேன். வேகவைத்த மல்லாட்டை கொண்டுபோவேன். முதலில் பயந்தான். அப்புறம் வந்து தின்ன ஆரம்பித்தான். நாலைந்து வாரம் எனக்கு நன்றாக இருந்தது. ஒரு நாள் தோலை உரித்துக்கொண்டே சொன்னான்:

"லீவுக்கு அத்த வூட்டுக்குப் போறேன். அவ என் பொண்டாட்டி, தெரியுமா? தட்டு மாத்தியாச்சி. மாமா எனக்கு சின்ன சைக்கிள் தரேன்னாரு."

அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த முகம் அவலூர்பேட்டை முகம், எனக்கா தெரியாது. டாக்டர், புருஷன், நாத்தனார், அவள் புருஷன் எல்லாருடைய வாயும் அடைத்துவிட்டது. இனிமேல் முடியாது என்று சொல்லக்கூடியவன் ஒருத்தன்தான் இருந்தான், அவனுக்கு ஆறு வயசு.

"அவ ஒன் பொண்டாட்டி இல்லடா. ஒன் தங்கச்சி. மாமா இருக்காரே, அவருதான் ஒன்னோட அப்பா."

மெல்லுவதை நிறுத்திவிட்டான். "அப்ப நைனா?"

"அவரு வளக்கறவரு."

"நீ பைத்தியம். அடி வாங்கினியே, நான் பாத்தேன்" என்றான்.

அவன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன். அழுத்திப் பிடித்தேன், அவனுக்கு வலித்திருக்கும். "நான் பைத்தியமாவே இருந்துட்டுப் போறேன். நீ பெரியவனானதும் அவள கட்டிக்க சொல்லுவாங்க. முடியாதுன்னு சொல்லு. அடிச்சாலும் சொல்லு. இத மறந்துடாத." அவன் வாயில் இருந்ததைத் துப்பினான். கையை விடுவித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் ஓடிவிட்டான். அடுத்த வாரம் அவன் வெளியே வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் போவதை நிறுத்தினேன்.

ஆறு வயசுப் பிள்ளையிடம் இதைச் சொல்லலாமா என்று கேட்டால், சொல்லக் கூடாது. நான் சொன்னேன். அன்றைக்கு அவனுடைய அப்பா, மாமா, அத்தை, விளையாட்டுத் தோழி, அம்மா எல்லாரையும் ஒரே வாக்கியத்தில் அவனிடமிருந்து பிடுங்கினேன் என்று எனக்குத் தெரியும்.

அவனுக்கு இருபத்து மூன்று வயசானபோது கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். சபையில் எழுந்து நின்று முடியாது என்று சொன்னானாம். காரணம் கேட்டு என் வீட்டுக்காரர் அத்தனை பேர் எதிரில் அறைந்தாராம். முடியாது என்பதையே திரும்பச் சொன்னானாம், வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். அந்தப் பெண்ணை வேலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், நன்றாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். என் மகன் அப்புறம் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.